கடைசி வரிசைக் கன்றுகள்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதத்தில், திகன நகரத்துக்கு அப்பால் கைவிடப்பட்டுக் கிடந்த சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பாலம்மா வேலைக்கு வந்தாள். புருஷன் செத்தபின் பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் பேச ஆளில்லாமல் கிடந்தவள். வெட்டிப் பாழாக்கிய நிலத்தில் மருது, நாகமரம் என்று அந்த மண்ணுக்கே உரிய கன்றுகளை நட்டுக் காப்பதுதான் வேலை. தங்குவதற்கு ஒரு தகரக் குடிசை. வாரம் ஒருமுறை தாஸிம் லொறியில் கன்று கொண்டுவருவான். மற்ற நாட்களில் வெள்ளைப் பாறைச் சுவர்களும் அவளும்தான்.

கன்றுகளோடு பேசிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள். ஒரு மாலை, குவாரிக்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தபோது யாரோ கேட்டார்கள்.

"கொஞ்சம் தண்ணி இருக்கா அக்கா?"

திரும்பினாள். யாருமில்லை. நனைந்த சுண்ணாம்பின் வாடை மட்டும். குரல் கடைசி வரிசையில், மண்ணுக்கு அடியிலிருந்து வந்திருந்தது.

வாளியை அங்கே சரித்தாள்.

மடக் மடக்கென்று மண் குடித்தது.

தாஸிமிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறியது. "முந்தி இங்க பாறை சரிஞ்சு நாலு பேர் மாட்டினாங்க. மூணு பேரோட மையத்துதான் கிடைச்சது. வாங்க அக்கா, போயிருவோம்."

"அங்க போனா மட்டும் எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

அன்றுமுதல் மாலைதோறும் அந்த இடத்தில் ஒரு வாளி ஊற்றினாள். தன் கதையெல்லாம் சொன்னாள். பயம் மெல்ல விட்டுப்போயிற்று.

சித்திரையில் காய்ச்சல் கண்டு, கண்டி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாள். சொட்டு மழையில்லை. கன்றெல்லாம் கருகியிருக்கும் என்று பதறித் தாஸிமின் லொறியில் திரும்பி வந்தாள்.

ஒன்றுகூட வாடவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் ஈரம். ஈரத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய் விரல் தடங்கள்.

அவளுக்குக் கண் கலங்கியது. ஒரு வார்த்தை சொல்லலாம் என்று கடைசி வரிசைக்குப் போனாள்.

அங்கே ஒரு குழி.

மண்ணுக்கு அடியில் கடப்பாரை இறங்காத பாறையையும் தோண்டியிருந்தது. கன்றுக்கான அளவில்லை. ஓர் ஆள் நீளம்.

அவள் நீளம்.

"ஒம்பது நாளா பேச ஆளில்லாம கஷ்டமா இருந்திச்சு அக்கா."

பாலம்மா லொறியை நோக்கி ஓடினாள். துணிமணியைக்கூட எடுக்கவில்லை.

பிலிமத்தலாவையில் ஒரு கடையில் சேர்ந்துகொண்டாள். கார்த்திகையில் தாஸிம் தேடிவந்தான். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"அந்தக் குழிய மூணு தரம் மூடிட்டோம் அக்கா. விடிஞ்சா திறந்துதான் கிடக்கு. இப்ப உள்ளுக்கு இலை பறிச்சுப் பாய் மாதிரி விரிச்சு வச்சிருக்கு."

"பாயா?"

"ரெண்டு பேர் படுக்கிற அளவுக்கு."