வடக்கு மூலைக் கொடி

கூரையின் வடக்கு மூலையில் கொடிக்கு வேலையே இல்லை; அங்கே கண்ணாடிக் கூரைச் சன்னல் கிடையாது. ஆனாலும் தான் நடத்தும் கடைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்த வெர்னாவுக்கு, கொட்டும் பனியினூடே அந்த மூலையில் ஒரு சிவப்புக் கொடி படபடப்பது தெரிந்தது. மணி மூன்றுதான். அதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது.

பனி மூடிவிட்டால் எது கூரை, எது கண்ணாடி என்று தெரியாது. அதனால் முதல் பனிக்கு முன்பே ஒவ்வொரு கூரைச் சன்னலின் பக்கத்திலும் நீளக் கம்பில் கொடி நட்டுவிடுவார்கள். போன வருஷம் மான் வேட்டை முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போட்டவள் வெர்னாதான். வேட்டை தொடங்கும் சனிக்கிழமை இந்த ஊரில் எவன் வேலைக்கு வருவான்? ஞாயிறே பனி கொட்டியது. வேட்டைக்குப் போட்ட ஆரஞ்சு ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் பனி அள்ள ஏறிய கடை ஆள் ரூடி, கண்ணாடியோடு கீழே பெயின்ட் டப்பாக்களின் நடுவில் விழுந்து செத்தான்.

இந்த வருஷம் பதினொரு கொடியையும் தன் கையாலேயே நட்டாள். ஒன்று இடம் மாறியிருந்தால், ஒரு கண்ணாடி கொடியில்லாமல் கிடக்கிறது. மேலே அவள் தம்பி ஆர்விட் தனியாகப் பனி அள்ளிக்கொண்டிருக்கிறான்.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "டேய் ஆர்விட், நின்ன இடத்துலயே நில்லு! கொடி மாறியிருக்கு!"

"கூட இருக்கிறவர்தான்க்கா பிடுங்கிப் பிடுங்கி நடுறாரு."

"யாருடா கூட?"

"தெரியல. ஆரஞ்சு ஜாக்கெட். வாயே திறக்க மாட்டேங்குறாரு. பயமா இருக்குக்கா, சீக்கிரம் வாயேன்."

ஐயோ ரூடி, அவனை மட்டும் விட்டுவிடு. தவறு என்னுடையது.

இரும்பு ஏணியில் கையுறை ஒட்டி ஒட்டிப் பிரிய, மூச்சு இரைக்க ஏறினாள். மேலே முழங்கால் ஆழத்துக்குப் பனி. ஏரிக்காற்று கண்ணில் ஊசியாய்க் குத்தியது. ஹீட்டர் புகைப்போக்கியிலிருந்து சூடான எரிவாயு நாற்றம் வந்தது. பாரம் தாங்காமல் எங்கோ உத்தரம் முனகியது. அதையும் மீறி, சரக், சரக் என்று மண்வெட்டிச் சத்தம்.

"ஆர்விட்!"

"இந்தப் பக்கம்க்கா. நேரா வா."

குரல் வந்த திசையில் நடந்தாள். இடது பக்கம் ஒரு கொடி. விலகினாள். மறுபடி பார்த்தபோது அது இல்லை.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.

அடுத்த அடி வேறு மாதிரி ஒலித்தது. அடியில் வெற்றிடம் இருப்பதுபோல.

மெல்ல மண்டியிட்டாள். பனியை விலக்கினாள். கண்ணாடி. அடியில் கடை விளக்குகள். கல்லாப் பெண்ணோடு சிரித்துப் பேசியபடி, இரண்டு கையாலும் காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஆர்விட் நின்றான். அவனுடைய வாக்கி-டாக்கி கல்லா மேசையில், சார்ஜரில் கிடந்தது.

முழங்காலுக்கு அடியில் ஒரு விரிசல் ஓடியது.

"இன்னும் ஒரே ஒரு அடிக்கா," அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் ஆர்விட்டின் குரல் கெஞ்சியது.

நிமிர்ந்தாள். எதிரே ஆரஞ்சு ஜாக்கெட். அதன் கக்கத்தில், விறகுக் கட்டு போல, பதினொரு கொடிகளும்.