ஏழாம் குமிழின் எடைச்சட்டை

எலும்பு மணி அலறியபோது ஏழாம் குமிழில் காலை ஏழரை. பள்ளிக்குக் கிளம்பிய பிள்ளைகள் அத்தனை பேரும் நடந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். செவ்வாய்க் கிரகத்தின் குமிழ்க் குடியிருப்புகளில் அதுதான் பழக்கம். யாருக்காவது எலும்பு முறிந்தால், தோலுக்கடியில் பதித்த எலும்புக்காவலி என்ற கருவி குமிழ் முழுவதும் கேட்கும்படி மணியடிக்கும். யார் என்று தெரியும்வரை ஒருவரும் அசையக் கூடாது.

இம்முறை ஒன்பது வயது எழினி. கட்டிலிலிருந்து குதித்திருக்கிறாள். இடது கணுக்கால்.

பூமியில் முப்பது கிலோ நிற்கும் பிள்ளை செவ்வாயில் பதினொரு கிலோதான் கனக்கும். சுமக்க வேலையில்லாத எலும்பு நாளடைவில் அப்பளமாகிவிடும். எழினிக்கு இது இரண்டாவது முறிவு. இன்னொன்று முறிந்தால் சுற்றுப்பாதை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூன்று வருடம். பெற்றோருக்கு அனுமதி கிடையாது.

அன்று மாலை குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழினியின் அம்மா செண்பகவல்லி எழுந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நாலு வருஷமா பேசிக்கிட்டே இருக்கீங்க. இன்னிக்கு ஒண்ணை முடிவு பண்ணாம யாரும் சாப்பிடப் போக முடியாது."

பசி வேலை செய்தது. தேர்வுத்துணையை வரவழைத்தார்கள். குக்கர் அளவில் ஓர் இயந்திரம். எந்தத் திட்டத்தைச் செய்வது என்று தெரியாமல் திண்டாடும் கூட்டங்களுக்கு உதவுவதுதான் அதன் தொழில். அது தானாக முடிவெடுக்காது. கேள்வி கேட்கும், மாதிரி காட்டும்.

"சுழல்கூடம் கட்டலாம்," என்றார் சங்கத் தலைவர் வேதமூர்த்தி. "உள்ள நின்னா கூடமே சுத்தும். பூமி எடை கிடைக்கும். ஆறாம் குமிழ்ல கட்டிட்டாங்க."

"அங்கே முறிவு குறைந்ததா?" என்று தேர்வுத்துணை கேட்டது.

"திறப்பு விழா பிரமாதமா நடந்துச்சு."

"முறிவு?"

தலைவர் செருமினார். "அது நான் விசாரிக்கல."

செயலாளர் பரிமளம் மாத்திரை என்றார். தினமும் மூன்று வேளை, நான்கு வருடம். தேர்வுத்துணை அவரிடம், போன வாரம் மருத்துவர் கொடுத்த ஐந்து நாள் மாத்திரையை முழுவதும் சாப்பிட்டாரா என்று கேட்டது. "ரெண்டாம் நாளே சரியாயிடுச்சே," என்றார் பரிமளம். மாத்திரை போயிற்று.

மிஞ்சியது எடைச்சட்டை. மணல் நிரப்பிய பைகளைத் தைத்த கனமான சட்டை. பகல் முழுவதும் அணிந்திருந்தால் போதும். மூன்று குமிழ்களில் முறிவைப் பாதியாகக் குறைத்த சட்டை. தேர்வுத்துணை மாதிரி ஒன்றைக் காட்டியது. கூடத்தில் முனகல் எழுந்தது.

"சாக்கு மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டு நாலு பேர் முன்னாடி எப்படிங்க போறது?" என்றார் பரிமளம்.

"எம் பொண்ணுக்கு நான் சாக்கைக்கூட போட்டுவிடுவேன்," என்றாள் செண்பகவல்லி.

ஆனால் தேர்வுத்துணை கெட்டிக்கார இயந்திரம். எதைச் செய்வது என்பதைவிட, ஏன் செய்யாமல் விடுவார்கள் என்று பார்ப்பதே அதன் சிறப்புப் பயிற்சி. 'தடை: அழகில்லை' என்று குறித்துக்கொண்டது. ஒரே நிமிடத்தில் வேறொரு சட்டையைத் திரையில் காட்டியது. அரக்கு நிறம், பொன்னிறக் கரை, கழுத்தைச் சுற்றி மாங்காய் வேலைப்பாடு.

பரிமளம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"பச்சையிலயும் கிடைக்குமா?"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நானூறு சட்டைகள் வந்தன. வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சாயம் தெறித்துப் பாழான ஒரே ஒரு சட்டை, குழாய் பழுதுபார்க்கும் மாசிலாமணிக்குப் போயிற்று. ஏழாம் குமிழின் தேர்வை முன்மாதிரி என்று மற்றக் குமிழ்களுக்கெல்லாம் தேர்வுத்துணை எழுதி அனுப்பியது.

ஆறு மாதம் கழித்து அது எலும்பை அளக்க வந்தது. நானூறு பேரில் ஒருவருக்கு மட்டும் எலும்பு தேறியிருந்தது. மாசிலாமணிக்கு.

தேர்வுத்துணை தன் கணக்கை ஏழு முறை சரிபார்த்தது. கருவியில் பிழையில்லை. நேராகச் செண்பகவல்லியின் வீட்டுக்கு உருண்டு போயிற்று. எழினிதான் கதவைத் திறந்தாள். மெல்லிய வீட்டுச் சட்டையில், பூப்போல நின்றாள்.

"அம்மா, உங்கள் மகளின் எலும்பு போன தடவையைவிட மெலிந்திருக்கிறது. இனி ஒரு குதி போதும், மூன்றாவது மணி அடித்துவிடும். எடைச்சட்டை பிடிக்கவில்லையா?"

"ஐயோ, பிடிக்காம என்ன?" செண்பகவல்லி பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில், பிளாஸ்டிக் உறை பிரியாமல், அந்துருண்டை வாசனையோடு எடைச்சட்டை மின்னியது. புறங்கையால் அதை மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

"தினம் போட்டா கசங்கிடாதா? ஒரு விசேஷம் வரட்டும்னு பத்திரமா வச்சிருக்கேன்."