படுக்கவைக்கிற பெட்டி

கண்ணாடி வியர்ப்பது பெரிய சங்கதி இல்லை. விழுப்புரத்துக் கத்திரி வெயிலில் கருங்கல்லே வியர்க்கும். காக்காய்கூடச் செருப்பு கேட்கும். ஆனால் குளிர்ந்த பெட்டியின் கண்ணாடி வெளிப்பக்கம்தானே வியர்க்க வேண்டும்? சவுரிராயன் தோள் துண்டால் துடைத்தார். போகவில்லை. விரலால் அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. ஈரம் உள்பக்கம் இருந்தது. அதுவும் கண்ணாடி முழுக்க இல்லை. நட்ட நடுவில், சாத்துக்குடி அளவுக்கு ஒரு வட்டம்.

ஏதோ பாட்டில் கசிகிறது என்று மூடியைத் தூக்கினார். பாட்டில்கள் எல்லாம் காய்ந்துதான் கிடந்தன. அவற்றை அவர் நடுவில் நெருக்கமாக அடுக்கியிருந்தார். இப்போது ஓரங்களில் இருந்தன.

காலமெல்லாம் ரயிலில் டி.டி.ஆராக இருந்து ஜில்லாவில் பாதிப் பேருக்குப் படுக்க இடம் போட்டுக் கொடுத்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் பெர்த் கேட்டு நின்றவை இந்தப் பாட்டில்கள்தான். மனைவி லூர்துமேரி கிறிஸ்துமஸுக்குக் கடைசியாகப் போட்ட ஒயின். பன்னீர் திராட்சை, ஒரு பிடி கோதுமை, நாலு கிராம்பு. போன சித்திரையில் அவள் போய்விட்டாள். வருஷத் திருப்பலிக்குப் பிரான்சிலிருந்து வரப்போகும் மகள் புனிதா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் வர்ற வரைக்கும் கெடாம வெச்சிருங்கப்பா. அம்மா கையால போட்டது. இனிமே கெடைக்குமா?"

சொல்லி வாய் மூடவில்லை, வெயிலில் ஒரு பாட்டிலின் தக்கை வெடித்து உத்தரத்தில் அடித்து, அங்கே குடியிருந்த பல்லி பொத்தென்று விழுந்தது. அந்தப் பாட்டிலில் மிஞ்சியது காடியாக நாறியது. அன்றிலிருந்து சவுரிராயனுக்குத் தூக்கம் இல்லை.

சமையலறை ஃப்ரிட்ஜ் ஆகாது; குளிர் அதிகம், தக்கை காய்ந்துபோகும், பக்கத்தில் கருவாடு வேறு. பாண்டிச்சேரிக் கடையில் பார்த்த சின்ன ஒயின் கூலர், கம்ப்ரசரே இல்லாத ரகம், பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்றது. ஆனால் அறைச்சூடு இருபத்தைந்தைத் தாண்டினால் தாங்காது என்று கடைப்பெண்ணே சொல்லிவிட்டாள். விழுப்புரத்தில் இருபத்தைந்து என்பது மார்கழி விடியற்காலையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிப்போகும் விருந்தாளி. கம்ப்ரசர் வைத்த பெரிய ரகமோ, ஆர்டர் கொடுத்தால் புனிதா வந்து திரும்பிப் போன பிறகுதான் வரும்.

கடைசியில் திண்டிவனத்தில் பழைய ஏ.சி., ஃப்ரிட்ஜ் வாங்கி விற்கும் வல்லரசுவிடம் போய் ஒயினுக்கு ஒரு பெட்டி கேட்டு நின்றார்.

"படுக்க வெக்கணும்பா. ஆடக் கூடாது. வெளிச்சம் படக் கூடாது. ஒரே சீரா குளுரணும்."

"எத்தினி நாளைக்கு சார்?"

"பொண்ணு பிரான்சுலேர்ந்து வர்ற வரைக்கும்."

வல்லரசு ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அப்டி சொல்லுங்க. நம்மகிட்ட ரெடியாவே கீது. ஒயினுக்கு ஏத்தாப்ல குளுர மட்டும் கொறச்சித் தர்றேன்."

மரக்கலர் மைக்கா ஒட்டி, கட்டைக்கால் வைத்து, மூடியில் சதுரமாக ஒரு கண்ணாடி மட்டும் விட்டு, நீளமாக வந்து இறங்கியது பெட்டி. "கண்ணாடி எதுக்குப்பா?" என்றதற்கு, "எட்டிப் பாக்கத்தான் சார்" என்றான். மூடியில் சாய்ந்து பார்த்தார். ஆடவே இல்லை. அசல் பர்ஸ்ட் கிளாஸ்.

ஆடாத பெட்டியில் பாட்டில் எப்படி உருளும்?

மறுபடி நடுவில் அடுக்கினார். மதியம் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தார். பாட்டில்கள் இரண்டு ஓரமும் ஒதுங்கி, நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன. கண்ணாடியில் அதே வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. மூடி இடுக்கிலிருந்து ஒரு வாசனை ஏறிவந்தது; திராட்சை வாசனை இல்லை, கிராம்பு இல்லை; வாடிய சம்பங்கியும் அணைந்த மெழுகுவத்தியும் கலந்த வாசனை, எங்கேயோ நன்றாகத் தெரிந்த வாசனை, வெயிலில் கொதிக்கும் அந்தக் கூடத்தில் அவர் கழுத்துப் பிடரியை மட்டும் தேடி வந்து ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்ட வாசனை.

அப்போது கரண்ட் போனது.

மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது. தெரு முழுக்க அமைதி. பெட்டி மட்டும் நிற்கவில்லை. உம்ம்ம் என்று இழுத்தது. விட்டது. இழுத்தது.

அவர் வல்லரசுக்குப் போன் போட்டார். "ஏம்பா, இதுல பேட்டரி வெச்சியா?"

"பேட்டரியா? அதெல்லாம் கெடையாது சார். கரண்ட் போனா நின்னுடும்."

"நிக்கலியே! இது இன்னா பெட்டிப்பா?"

"ஃப்ரீசர் பாக்ஸு சார். எழவு வீட்டுக்கு வாடகைக்கு வுடறது. நீங்கதானே சார் படுக்க வெக்கணும், பொண்ணு ஃபாரின்லேர்ந்து வர்ற வரைக்கும்னு சொன்னீங்க? நம்ம ஊர்ல அதுக்கு வேற பெட்டி ஏது? உங்க ஊர்ல பந்தல் போடறவரு வித்ததுதான், பேஜார் பண்ணாதீங்க சார்."

போனைக் கீழே வைத்துவிட்டுப் பெட்டி மேல் குனிந்தார்.

கண்ணாடியின் ஓரத்தில் மைக்கா லேசாகக் கிளம்பியிருந்தது. நகத்தால் உரித்தார். அடியில் ஒரு கீறல். பிறை மாதிரி வளைந்த கீறல். அவர் தன் மோதிரத்தைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பொருந்தியது. போன சித்திரையில் இதே கூடத்தில், இதே கண்ணாடியில் முகம் புதைத்து அழுதபோது விழுந்த கீறல். அன்றும் புனிதா போனில் கதறினாள்: "நான் வர்ற வரைக்கும் வெச்சிருங்கப்பா."

வைத்திருந்தார். இரண்டு நாள். குளிரென்றால் ஆகாதவளை.

அவர்கள் கட்டில் சின்னது. ராத்திரியானால் லூர்துமேரி முழங்கையால் இடிப்பாள்: "இன்னாங்க, தள்ளிப் படுங்க." அவர் சிரிப்பார்: "நம்மளுது ஆர்.ஏ.சி. டிக்கெட்டு லூர்து. ஒரே பெர்த்துல ரெண்டு பேரு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

ஒயினை எடுத்துவிட வேண்டும். எதில் போட்டாலும் பரவாயில்லை. சாக்கு எடுக்கப் படுக்கையறைக்கு ஓடினார். கட்டிலில் தலையணை இல்லை.

காலையில் இருந்தது.

பின்னால் கூடத்தில் கண்ணாடி மேல் கண்ணாடி இடிக்கும் சத்தம். டங். டங். டங்.

திரும்பி வந்தார். கால்கள் தாமாகவே வந்தன.

பாட்டில்கள் வெளியே. ஜன்னல் வெயிலில். வரிசையாக நின்றன. ஒரு தக்கை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. இன்னொன்று. அவற்றைக் காப்பாற்ற ஒரே இடம்தான் அந்த வீட்டில் இருந்தது.

பெட்டியின் மூடி திறந்து நின்றது. யாரும் பிடிக்காமல். உள்ளே அவருடைய தலையணை. ஒரு பாதி அமுங்கிக் கிடந்தது.

மறுபாதி உப்பலாக. சுத்தமாக.

தள்ளிப் படுத்திருந்தாள்.