பன்னிரண்டு கிராம் கூடுதல்

அருவியின் விலை ஆளுக்கு நானூற்றைம்பது. ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், அறுபதுக்கு மேலே பாதி. காட்டு வாசலில், பச்சைப் பலகையில் வெள்ளைப் பெயின்டால் எழுதி வைத்திருந்தார்கள். எத்தனையோ ஆயிரம் வருஷமாகக் காலணா வாங்காமல் விழுந்துகொண்டிருக்கிற தண்ணீருக்கு எந்தப் புண்ணியவான் உட்கார்ந்து இந்த விலையைப் போட்டானோ... இரும்புக்கடைக்காரி பலகையை இரண்டு முறை படித்தாள். பேரம் பேசாமல் ஒன்றை வாங்கிவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது.

"முந்நூத்தம்பது போட்டுக்குங்க. அருவி வரைக்கும் வரல. பாதி வழியில உக்காந்துக்கறேன்."

"உக்காந்தா அட்டை கடிக்கும் மேடம். அதுக்குன்னு தனியா காசு வாங்கறதில்ல" என்றாள் வழிகாட்டி. ரப்பர் பூட்ஸ், கழுத்தில் ஊதல், மருந்துக்கும் சிரிக்காத முகம்.

கடைக்காரி முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தாள். அதிகம் விற்ற கடை என்று ஆணிக் கம்பெனி கொடுத்த பரிசுதான் இந்தத் தீவுப் பயணம். இரண்டு பேருக்கு. கூட வந்திருக்க வேண்டியவர் அப்பா. அவர் போய் இரண்டு வருஷமாகிவிட்டது.

வழிகாட்டி ஒரு டப்பாவைத் திறந்தாள். உள்ளே எண் அடித்த தகர வில்லைகள்.

"காட்டுக்குள்ள யாரையும் தனியா விடறதில்ல. ஜோடி ஜோடியாத்தான். உங்க நம்பர் வில்லை உங்க ஜோடிகிட்ட இருக்கும், அவரோடது உங்ககிட்ட. திரும்பி வந்ததும் அவர் வந்துட்டார்னு நீங்க குடுக்கணும், நீங்க வந்துட்டீங்கன்னு அவர் குடுக்கணும். வில்லை வந்தாத்தான் ஆள் வந்த கணக்கு."

மூன்று ஜோடி சேர்ந்துவிட்டது. மீதி நின்றவள் அவள் மட்டும். எட்டாவது ஆள் அப்போதுதான் படகிலிருந்து குதித்து, மூச்சிரைக்க ஓடி வந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

அந்தக் கண்கள்... மறக்கவா முடியும்? தராசு முள்ளையே பார்த்துப் பார்த்து, அசையாமல் நிற்கப் பழகிய கண்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கடைக்குள் நுழைந்த எடை ஆய்வாளன். அப்பாவின் ஒரு கிலோ இரும்புக் கல்லைத் தன் தராசில் வைத்துப் பார்த்தான். கிடங்குக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவோடு கால் மணி நேரம் பேசினான். பிறகு கல்லைத் துணியில் சுற்றிச் சீல் வைத்து, தெருவே பார்க்க எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலத்துக்குள் தெரு தீர்ப்புச் சொல்லிவிட்டது... எடையில் அடித்திருக்கிறார். அப்பா வாயே திறக்கவில்லை. அன்றோடு கல்லாவில் உட்காருவதை விட்டார். மறு வருஷம் உயிரையும் விட்டார்.

"எனக்கு வேற ஆள் குடுங்க."

"வேற ஆள் ஸ்டாக் இல்ல மேடம். ஏழும் எட்டும் ஒரு ஜோடி. நடங்க."

அவள் வில்லை ஏழு, அவன் சட்டைப் பைக்குப் போனது. அவனுடைய எட்டு, அவள் கைக்கு வந்தது. சின்னத் தகரம்தான்... ஏனோ கனத்தது.

காடு பச்சையாக இருட்டியது. கடல் வாசனை போய் ஈர மண் வாசனை வந்தது. மரத்தின் வேர்களே படிகள். அவன் இரண்டடி பின்னால் வந்தான்.

"நல்லா இருக்கீங்களா?"

"என் வில்லையைத் தூக்கிப் பாத்தீங்களா? எடை சரியா இருக்கா? இல்ல, அதுக்கும் சீல் வைக்கணுமா?"

பதிலை மழைதான் சொன்னது. முதலில் உச்சி இலைகளில் சடசடவென்று, பிறகு கழுத்தில், கண் இமையில்...

குறுக்கே ஓர் ஓடை. பாசி பிடித்த பாறைகள். அவன் முன்னால் போய்ப் பாறைமேல் நின்று கையை நீட்டினான். பிடித்து இழுக்கவில்லை, 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. நீட்டியபடி நின்றான், அவ்வளவுதான். அவள் தனியாகத் தாண்டினாள், வழுக்கினாள், முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள். அந்தக் கை அதே இடத்திலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் பற்றிக்கொண்டாள். கதகதப்பாக இருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

உண்மையில் ஆத்திரம் அவன் மீதா? தெருவோடு அவள் எத்தனை சண்டை போட்டிருப்பாள்! "எங்கப்பா அடிச்சிருப்பாரா!" என்று கத்தியிருக்கிறாள். ஆனால் கல்லாவில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அதே வார்த்தை கத்தாமல், மெல்ல, வெறும் கேள்வியாக வரும். அடித்திருப்பாரோ...? பதில் தெரிந்த ஒரே ஆள் இதோ, பக்கத்தில் நனைந்துகொண்டிருக்கிறான். கேட்டுவிடலாம். ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அப்பாவை இன்னொரு தடவை எடுத்துக்கொண்டு போய்விடுவானே...

அருவி வந்தது. வானத்தை யாரோ கிழித்துத் தொங்கவிட்ட மாதிரி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் போட்டோவுக்கு ஓடினார்கள். அவள் நகரவில்லை.

"அந்தக் கல்லு... எவ்வளவு குறைஞ்சிருந்துச்சு?"

கேட்டேவிட்டாள்! அவன் மூச்சை மெல்ல விட்டான், நெடுநாள் சுமையை இறக்கி வைத்தவன் மாதிரி.

"குறையல. பன்னெண்டு கிராம் கூட இருந்துச்சு."

"கூடவா?"

"கல்லுக்கு அடியில ஈயம் ஊத்தற குழி இருக்கும். உங்கப்பாவே கூட ஊத்தியிருந்தார். கிலோவுக்கு நாலு ஆணி அதிகமாப் போகும். கூடினாலும் தப்புக் கல்லுதான். நான் எடுத்துத்தான் ஆகணும்."

"எதுக்கு ஊத்தினார்?"

"உங்க தாத்தா பதினெட்டு வருஷம் அதே கல்லைக் குறைச்சு ஓட்டியிருக்கார். கடை கைக்கு வந்தப்பதான் உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. தெருகிட்ட எடுத்ததைத் தெருவுக்கே குடுக்கணும்னு, அதே பதினெட்டு வருஷம் கூட்டிக் குடுக்க ஆரம்பிச்சார். வெளிய சொன்னா அவங்கப்பா பேரு போயிரும். அதனால தன் பேரைக் குடுத்துட்டார்."

அவள் கன்னத்தில் வழிந்தது சாரலா, வேறா... அவளுக்கே தெரியவில்லை.

"என்கிட்டகூட ஏன்...?"

"'நான் போனப்புறம் மக வாய்விட்டுக் கேட்டாச் சொல்லுங்க, கேக்காமச் சொல்லாதீங்க'ன்னார். அவர் போனப்புறம் மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் ஷட்டரை இறக்கிட்டீங்க."

இறக்கினாள்தான். அந்தச் சத்தம் காதுக்கு எத்தனை இனிப்பாக இருந்தது! கேட்பதற்கு ஒரு வார்த்தை... அதற்கு இரண்டு வருஷ வீம்பு.

"பதினெட்டு வருஷம் முடிஞ்சுதா?"

"ரெண்டு மாசம் பாக்கி இருந்துச்சு. 'கொஞ்சம் பொறுத்து வந்திருக்கக் கூடாதா தம்பி'ன்னார். அப்பதான் அவர் கண்ணு கலங்குச்சு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு மாசத்தை நான் குடுத்துடறேன். கையாலயே அள்ளிப் போட்டு. கல்லுல கை வெச்சா நீங்க தூக்கிட்டுப் போயிருவீங்க."

அவன் சிரித்தான். அந்தக் கண்கள் அசைந்து அவள் பார்ப்பது அதுவே முதல்முறை. சட்டென்று வியாபாரிப் புத்தி விழித்துக்கொண்டது.

"இருங்க... முதல் தடவையே நான் கேக்க மாட்டேன்னு தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்கு ரெண்டு தடவை?"

அவன் யோசித்தான். எதையும் துல்லியமாகச் சொல்லிப் பழகியவன்.

"ரெண்டாவது தடவை... பாதி அதுக்காக. பாதி உங்களைப் பாக்க."

"மூணாவது?"

"முழுசும்."

பேரம் பேசத் தோன்றவில்லை அவளுக்கு. திரும்பி நடந்தாள். அவன் பின்னாலேயே வந்தான். ஓடை வந்தபோது அவள் முதலில் பாறையேறி நின்றாள். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

வாசலில் வழிகாட்டி பதிவேட்டை விரித்தாள். மூன்று ஜோடி வில்லைகள் டப்பாவில் விழுந்தன.

"மேடம், சாரோட வில்லை?"

மழைக்கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் எட்டாம் எண்ணை இறுக மூடிக்கொண்டன. கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து கணக்கில் ஒரு பொய் சொல்லாதவள்.

"தொலஞ்சிருச்சு."

"சார், உங்ககிட்ட இருந்தது?"

அவன் அவளைப் பார்த்தான். ஒரு கிராம் பொய்க்கும் முத்திரை குத்தாதவன்.

"அதுவும்... தொலஞ்சிருச்சு."

வழிகாட்டி அவளுடைய பையையும் பார்த்தாள், அவனுடைய மூடிய கையையும் பார்த்தாள்.

"வில்லை வரலைன்னா ஆள் வரலைன்னுதான் எழுதுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"எழுதிக்குங்க" என்றாள் கடைக்காரி. "ரெண்டு பேரையும் சேத்தே எழுதிக்குங்க."

பேனா, ஈரத் தாளில் மெல்ல ஊர்ந்தது.

உள்ளே போனவர் எட்டு. வெளியே வந்தவர் ஆறு. பாக்கி இரண்டு.