செத்தவருக்கு வந்த ஓடிபி

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அறிவரசன் பாதி வடையோடு நிமிர்ந்தார். சைபர் பிரிவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து லோன் ஆப், லாட்டரி மெசேஜ், போலி மாப்பிள்ளை... இவைதான் அவருடைய கேஸ்கள். ஒரு கொலைக்காக மனிதர் ஏங்கிப் போயிருந்தார்.

"ஹலோ..."

"சார்... கொலை சார்! என் கம்பெனியையே கொன்னுட்டாங்க சார்!"

"பதறாதீங்க. பொணம் எங்க கெடக்கு?"

"பொணம் கெடக்கல சார்... பொணம்தான் சார் பண்ணியிருக்கு!"

வடை மேஜையிலேயே கிடந்தது. ஜீப் பறந்தது.

அரியலூர் கடைத்தெரு. உரக்கடை மாடியில் 'மாறன் க்ளவுட் டெக்'. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு கேட் பாஸ் போடும் சாஃப்ட்வேர் இங்கேதான் ஓடுகிறது. பாஸ் இல்லாமல் எந்த ஆலை வாசலிலும் லாரி நுழைய முடியாது.

இன்று காலையிலிருந்து ஒரு பாஸ் கூட வரவில்லை!

ஊருக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் சிலர் மாடிப்படியிலேயே உட்கார்ந்து, முதலாளி தமிழ்மாறனின் பரம்பரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா காணோம்?" என்றார் அறிவரசன்.

"ரிசோர்ஸ் க்ரூப் சார்!" என்றார் தமிழ்மாறன்.

"தமிழ்ல சொல்லுங்க."

பதில் சொன்னது மூலையில் கண் சிவக்க நின்ற பெண். மலர்க்கொடி. செந்துறையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகும் ப்ரோகிராமர்.

"மேகத்துல, அதான் க்ளவுடுல, வாடகைக்கு எடுத்த பொட்டி மாதிரி சார். சர்வர், டேட்டா எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வெப்போம். கேட் பாஸுக்கு ஒரு பொட்டி, லாரி எடைக்கு ஒரு பொட்டி... காலையில பட்டியல் கேட்டா, கேட் பாஸ் பொட்டி மட்டும் இல்ல சார்."

"கடைசியா உள்ள போனது யாரு?"

தமிழ்மாறனின் விரல் சுவரைக் காட்டியது.

சுவரில் ஒரு போட்டோ. சந்தன மாலை. சிவப்பு பல்பு.

"காசிநாதன்! எங்க பழைய அட்மின்... பொங்கலுக்கு முன்னாடியே மாரடைப்புல போயிட்டாரு சார். ஆனா இன்னிக்கு விடியக்காலையில அவரு பேர்ல லாகின் ஆகியிருக்கு!"

அறிவரசன் போட்டோவை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"செத்தவர் லாகினை எதுக்குய்யா இன்னும் வெச்சிருக்கீங்க?"

"எல்லா பொட்டியும் அவரு பேர்லதான் சார் இருக்கு. மாத்தணும்னா அலைச்சல்! எங்க பூர்வீக நெலத்துக்குப் பட்டாவே இன்னும் எங்க தாத்தா பேர்லதான் இருக்கு. வெள்ளாமை நடக்காமலா போச்சு?"

"சரி... அப்ப ஆவி வந்து அழிச்சிட்டுப் போச்சுங்கிறீங்களா?"

"ஆவி இல்ல சார்... இவ!" விரல் சுவரிலிருந்து இறங்கி மலர்க்கொடியிடம் நின்றது. "அந்த லாகினைத் தெனமும் ஓட்டுறது இவதான். சம்பள உயர்வு கேட்டா, இல்லேன்னேன். பழிவாங்கிட்டா! அரெஸ்ட் பண்ணுங்க!"

மலர்க்கொடி இரண்டடி முன்னால் வந்தாள்.

"சார்... எங்கப்பா செந்துறை பஸ்ஸுல கண்டக்டரு. நான் ஜெயிலுக்குப் போனேன்னா அந்த பஸ் பூரா இதையே பேசும். அவரு மறுநாள் டிக்கெட் கிழிக்க மாட்டாரு சார்... கொஞ்ச நேரம் குடுங்க. பட்டியலை நானே கேட்டுப் பாக்கறேன்."

"கேளும்மா," என்றார் அறிவரசன்.

கீபோர்டை இழுத்தாள்.

"மேகத்துக்கிட்ட சும்மா கேக்க முடியாது சார். கோட்ல ஒரு ரிக்வெஸ்ட் கட்டணும். எந்தக் கணக்கு, எந்தெந்தப் பொட்டி வேணும்னு எல்லாத்தையும் அதுல வெச்சு அனுப்பணும். நாம எதைக் கேக்கறமோ அதை மட்டும்தான் குடுக்கும். இந்த வரியைப் பாருங்க... 'லைவ்'னு லேபிள் ஒட்டின பொட்டிய மட்டும் காட்டுன்னு ஃபில்டர் போட்டிருக்கு."

"அதை நான்தான் எழுதுனேன்!" தமிழ்மாறன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "செத்துப்போன பொட்டியெல்லாம் நமக்கு எதுக்கு?"

மலர்க்கொடி அந்த வரியை அழித்தாள். ரிக்வெஸ்டை அனுப்பினாள்.

பட்டியல் இறங்கியது. யாரோ எப்போதோ திறந்து மறந்துபோன பொட்டிகள்... சோதனை, சோதனை புதுசு, கடைசி சோதனை, உண்மையிலேயே கடைசி...

"இல்லையேம்மா!"

"இது முதல் பக்கம்தான் சார். மிச்சம் வேணும்னா அடுத்த பக்கத்தையும் கேட்டு வாங்கணும்."

கேட்டாள். வந்தது.

அங்கே இருந்தது கேட் பாஸ் பொட்டி!

லேபிள் மட்டும் மாறியிருந்தது. 'லைவ்' இருந்த இடத்தில்... 'டெட்'!

"உள்ள எல்லாம் அப்படியே இருக்கு சார்! யாரோ சீட்டை மட்டும் மாத்தி ஒட்டியிருக்காங்க. செத்ததுன்னு சீட்டு இருந்தா நம்ம கோட் தேடவே தேடாதே!" அவள் போனை எடுத்தாள். "திருப்பி மாத்திடறேன். அதுக்கு காசி அண்ணன் லாகின் வேணும்... ஓடிபி வரும், அவரு சம்சாரத்துக்கிட்ட கேட்டு வாங்கணும்."

ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"புவனேஸ்வரி அண்ணி... நான்தான். ஒரு ஓடிபி வந்திருக்கும்..."

மறுமுனையில் ஒரு விசும்பல். மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தடையில்லாமல் ஓடிபி வந்தது.

லேபிள் மாறியது. ஊருக்கு வெளியே லாரிகள் உறுமின. படிக்கட்டில் இருந்த டிரைவர்கள் கைதட்டிவிட்டு இறங்கினார்கள்.

"பாத்தீங்களா சார்!" தமிழ்மாறன் கத்தினார். "ஒளிச்சு வெச்சவளுக்குத்தானே எடம் தெரியும்? அதான் கண்டுபிடிச்சிட்டா! விலங்கை மாட்டுங்க!"

மலர்க்கொடி அழுதேவிட்டாள்.

அறிவரசன் அவளைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஓடிபி எந்த நம்பருக்கும்மா வருது?"

"காசி அண்ணன் நம்பருக்குத்தான் சார்..."

"பொங்கலுக்கு முன்னாடி செத்தாரு. இப்ப ஆடி. செத்தவருக்கு மாசா மாசம் ரீசார்ஜ் பண்றது யாரு?"

எல்லார் கண்ணும் சுவர் போட்டோவுக்குப் போனது.

"பாவம், அந்தப் பொண்ணு பாசத்துல பண்ணும் சார்..." என்று இழுத்தார் தமிழ்மாறன்.

"யோவ்! நான் உசுரோட இருக்கும்போதே என் பொண்டாட்டி எனக்கு ரீசார்ஜ் பண்றதில்ல! சரி... காசிநாதன் பொணத்தை யாரு பாத்தீங்க?"

"நான் போனேனே சார்! ஆளுயர மாலை!"

"வூட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?"

தமிழ்மாறன் கூரையைப் பார்த்தார். மற்ற ஊழியர்கள் தரையைப் பார்த்தார்கள். துக்கத்துக்குப் போகவில்லை என்று ஊருக்குள் எப்படிச் சொல்வது? ஒருவருக்கொருவர் 'போயிட்டு வந்தேன்' என்று சொல்லி ஆறேழு மாதம் ஓட்டியிருக்கிறார்கள் புண்ணியவான்கள்!

"நானும் போகல சார்," என்றாள் மலர்க்கொடி, கண்ணைத் துடைத்தபடி. "சார் லீவு குடுக்கல. பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் பாத்தோம். வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு. எல்லாரும் கும்பிடு பொம்மை போட்டோம்... அவ்ளோதான்."

"அப்ப அவருக்கும் சீட்டுதான் ஒட்டியிருக்கு. யாரும் தேடல. ஏறுங்க எல்லாரும் ஜீப்புல!"

பாடாலூர். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய தெருவில் காசிநாதன் வீடு.

கொல்லைப்பக்கம் ஒரு ஆட்டுக்கொட்டகை. மழைக்கு ஒழுகாமல் இருக்க, கூரைமேல் ஒரு பழைய ஃப்ளெக்ஸ். அதில் 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தார் காசிநாதன்.

அந்தக் கூரைக்குக் கீழே, லுங்கியோடு ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவரும்...

காசிநாதன்!

"நீ... நீ செத்துட்டியேய்யா!" தமிழ்மாறன் அலறினார்.

"செத்தும் பிரயோஜனம் இல்லையே சார்!"

தழையைக் கீழே போட்டுவிட்டு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார் காசிநாதன்.

"எத்தனை தடவை ராஜினாமா குடுத்தேன் தெரியுமா சார்? நோட்டீஸ் பீரியட் முடியறப்பல்லாம் 'இந்த ஒரு வேலை மட்டும் முடிச்சிட்டுப் போ'ம்பாரு. எம் மகளுக்குக் காது குத்துறாங்க... மடியில கொழந்தை ஒரு பக்கம், லேப்டாப் ஒரு பக்கம்! யோசிச்சேன். செத்துட்டா நோட்டீஸ் பீரியட் கெடையாது. ஒரு ஃப்ளெக்ஸ் அடிச்சேன்."

"யாராச்சும் துக்கத்துக்கு வந்திருந்தா?"

"வர லீவு வேணுமே சார். இவருதான் குடுக்க மாட்டாரே!"

அறிவரசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"அப்புறம் ஏன்யா பொட்டியில கை வெச்சே?"

"பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாடியே ஓடிபி கேட்டு எம்பொண்டாட்டிக்கு போன் சார்! தெனமும் அவ அழுவணும், நான் பக்கத்துல உக்காந்து நம்பர் காட்டணும். நேத்து இவரு எம்பொண்டாட்டிக்கிட்ட, 'தங்கச்சி, இனிமே மூணு ஷிஃப்ட்டு, ராத்திரியும் போனைப் பக்கத்துலயே வெச்சுக்க'ங்கறாரு. வெறுத்துப் போயி பொட்டிக்கும் 'டெட்'னு ஒட்டிட்டேன்." மலர்க்கொடியைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. "பழி உம்மேல விழும்னு நெனைக்கலம்மா... மன்னிச்சிடு."

"எங்கப்பாவ நெனைச்சு நடுங்கிட்டேண்ணே..." என்றாள் அவள். கோபம்தான். ஆனாலும் அந்த ஆட்டுக்கொட்டகையை அவள் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்தாள்.

"இப்ப என்ன கேஸ் போடட்டும்?" என்றார் அறிவரசன்.

"கேஸெல்லாம் எதுக்கு சார்!" தமிழ்மாறன் குழைந்தார். "நல்ல பையன். நாளைக்குக் காலையில ட்யூட்டிக்கு வரச் சொல்லுங்க, போதும்."

காசிநாதன் பாய்ந்து வந்து இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"சார்... தயவுசெஞ்சு விலங்கு மாட்டுங்க!"

கடைசியில் பஞ்சாயத்து முடிந்தது. காசிநாதன் செத்தவராகவே இருக்கலாம். எல்லாப் பொட்டிகளும், லாகினும், ஓடிபியும் அன்றே மலர்க்கொடி பேருக்கு மாறின. கூடவே ராத்திரி ஷிஃப்ட்டும் மாறியது. சம்பளம் மட்டும் மாறவில்லை.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தது.

அறிவரசனின் மேஜையில் சூடான வடை. போன் அலறியது!

"சார்... தமிழ்மாறன் பேசறேன்! மோசம் போயிட்டோம் சார்! மலர்க்கொடி... செந்துறை பஸ் ஸ்டாண்டுல கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் கட்டியிருக்காங்க! மாலையோட கெளம்பிட்டேன் சார்!"

அறிவரசன் இந்தத் தடவை வடையைக் கீழே வைக்கவில்லை.

"மாலைய கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க. அந்தக் காசுக்கு அந்தப் பொண்ணு நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணி விடுங்க... 'தேங்க்ஸ்'னு மெசேஜ் வந்தா, ஆளு செத்தது உங்க ஆபீஸுக்கு மட்டும்தான்!"