பெடலில் வைத்த கால்

அன்று அவருடைய குறட்டை நடுவில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

நின்றாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுப் பழகிய குறட்டை அது. ஏறும், உறுமும், சட்டென்று அறுந்துபோகும். அந்த வெறுமையில் அவளுக்கும் மூச்சு நின்றுவிடும். பிறகு தண்ணீருக்கடியிலிருந்து எழுந்தவர்போல ஒரு இழுப்பு இழுப்பார். ராத்திரி வாட்ச்மேன் வேலை என்பதால் அவர் தூங்குவது பகலில்தான். அடுத்த அறையில் அவள் மோட்டார் மிஷினில் ஸ்கூல் யூனிபார்ம் தைப்பாள். அவர் மணிக்கட்டில் கட்டிய நாடா கதவுக்கடியில் வந்து அவளுடைய இடது கணுக்காலில் முடியும். குறட்டை அறுந்தால் மிஷினை நிறுத்தி, நாடாவை ரெண்டு இழுப்பு இழுப்பாள். மூச்சு திரும்பிவிடும்.

தூக்கத்தில் மாட்டிக்கொள்ளக் காற்று மிஷினும் மாஸ்க்கும் வாங்கியிருந்தார்கள். காலையில்தான் அதைத் தூக்கி பீரோமேல் வைத்தார்.

"ஏங்க, மாஸ்க் போட்டுட்டுத் தூங்குங்க."

"பெல்ட்டுல ரெண்டு ஓட்டை உள்ள போயாச்சு. இன்னும் எதுக்குடி இந்தத் தும்பிக்கை?"

"எடை குறைஞ்சது நல்லதுதான். ஆனா மறுபடி டெஸ்ட் பண்ணிட்டுத்தான் நிறுத்தணும்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டரா என் குறட்டையைக் கேக்குறாரு?"

"நான்தான் கேக்குறேன். அதான் கெஞ்சுறேன்."

சிரித்தபடி மணிக்கட்டை நீட்டினார். "இந்தா, மாட்டைக் கட்டு."

கட்டினாள்.

ஜன்னல் திரை வழியே பழுத்த மதிய வெளிச்சம் கசிந்து, மிஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் அறையை நிறைக்க, ஊசியின் தடதடப்புக்கு அடியில் அந்தக் குறட்டை சீராக, மிகச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெல்ட் சொன்னதுதான் சரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஒரு பாவாடையை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

நூல் அறுந்தது. பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

குறட்டையும் நின்றது.

காத்திருந்தாள். குனிந்து நாடாவை ரெண்டு முறை இழுத்தாள். ஈர மூட்டையை இழுப்பதுபோல் கனத்தது. ஒன்றும் வரவில்லை. பதறி எழும்போது கால் பெடலில் பட்டது. மிஷின் உறுமியது.

உள்ளே குறட்டையும்.

காலை எடுத்தாள். நின்றது. அழுத்தினாள். வந்தது. மெதுவாக அழுத்தினாள். மெதுவாக வந்தது.

"ஏங்க... விளையாடாதீங்க."

குரல் அவளுக்கே கேட்கவில்லை. போன் உள்ளே, அவர் தலைமாட்டில். எழுந்து போனால் இது நின்றுவிடும்.

பெடலை விடாமல், நீள ஸ்கேலை எட்டி எடுத்துக் கதவைத் தள்ளினாள்.

மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. திறந்த வாயின் ஓரத்தில் ஒரு ஈ. அது பறக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. அந்த வாயிலிருந்து குறட்டை மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவள் கால் தானாகவே தளர்ந்தது.

சத்தம் நின்றது.

நாடா விறைத்தது. அவள் கணுக்காலில் ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

அழுத்தினாள்.

திரையில் வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. நூல் இல்லை. துணி இல்லை. ஊசி வெறும் தகட்டில் ஏறி இறங்கியது. மரத்துப்போன தன் காலை இரண்டு கைகளாலும் பிடித்து, பெடலோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் தளர்ந்தாலும், நாடா இழுத்தது.