உள்ளேயிருந்து பற்றவைத்தது

பெட்டியைச் சுற்றி எங்கேயும் வெல்டிங் கோடு இல்லை. ஆனாலும் மூடி திறக்கவில்லை. இடுக்கு நெடுக, சூடு பட்ட இரும்பில் ஏறும் நீலம் மட்டும் படிந்திருந்தது.

வெல்டருக்கு மைத்துனன்மேல்தான் சந்தேகம். பழைய சாமான் வாங்கி விற்பவன். போன தடவை அவன் கொண்டுவந்த மின்விசிறி காற்றைத் தவிர எல்லாம் தந்தது.

"எங்கேருந்துடா தூக்கிட்டு வந்தே?"

"பூட்டிக் கிடந்த வீட்டை இடிச்சாங்க மாமா. திறந்து மட்டும் குடுங்க."

"உள்ளே என்ன இருக்கு?"

"தெரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?" என்று அக்காவிடம் டீ கேட்கப் போய்விட்டான்.

வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தக் கட்டிய அறைதான் பட்டறை. கார்தான் இன்னும் வரவில்லை. ஒருமுறை எண்ணெய்த் துணியில் பொறி விழுந்து அவருடைய புருவத்தில் பாதி போனதிலிருந்து மனைவி போட்ட சட்டம்: வேலை நடக்கும்போது இரும்புக் கதவு திறந்தே இருக்க வேண்டும். தலையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து ஆட்டும் தலைதான். நெற்றிக்கு மேல் தூக்கிவைத்த வெல்டிங் முகமூடியையும் அதே ஆட்டில்தான் முகத்தில் இறக்குவார்.

மூடிய பெட்டியில் அப்படியே நெருப்பு வைக்கக்கூடாது. உள்ளே வாயு இருந்தால் வெடிக்கும். முதலில் ட்ரில்லால் ஒரு துளை போட்டார். அடைபட்ட காற்று புஸ்ஸென்று வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வரவில்லை. துளை வெளிக்காற்றை உள்ளே இழுத்தது, நீளமாக, நிதானமாக. கொஞ்சம் நிறுத்தியது. பிறகு விட்டது.

"வயசாகுதுடா உனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு, முகமூடியைச் சுவர் ஆணியிலேயே விட்டு, கண்ணாடி மட்டும் மாட்டி, கிரைண்டரை ஓட்டினார். பொறி மஞ்சளாகச் சிதற, இரும்புத்தூள் நாற்றத்தோடு இன்னொரு நாற்றமும் மெல்லக் கலந்து வந்தது. வெல்டிங் ராடு கருகும் நாற்றம். அவர் ராடையே தொடவில்லையே.

எதிர்ச்சுவரில் வெளிச்சம் துடித்தது. நீல வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. இத்தனை வருஷத்தில் உடம்பில் ஊறிய பாடம். அதனால் அவர் திரும்பவில்லை.

"டேய், மெஷின்ல விளையாடாதே! கண்ணு போயிடும்!"

வெளிச்சம் நின்றது. மூடி கழன்று விழுந்தது.

பெட்டி காலி. அடியில் எரிந்து தீர்ந்த ராடுத் துண்டுகள். மூடியின் உள்விளிம்பைச் சுற்றி, மீன் செதில்போல் அடுக்கடுக்காக, அழகான வெல்டிங் கோடு.

உள்பக்கம். எவனோ உள்ளே உட்கார்ந்து பற்றவைத்திருக்கிறான். அவன் எங்கே?

கதவு தட்டும் சத்தம்.

"என்னங்க, கதவை ஏன் சாத்தினீங்க?"

திரும்பினார். கதவு மூடியிருந்தது. அதன் விளிம்பு நெடுக ஒரு புதுக் கோடு, இன்னும் சிவப்பு ஆறாமல்.

"உன் தம்பி எங்கே?"

"இதோ, என் பக்கத்துலதான் நிக்கிறான்."

"உள்ளேருந்து தள்ளுங்க மாமா, திறக்க மாட்டேங்குது!"

ஆணியைப் பார்த்தார். முகமூடி இல்லை.

மூலையில் இருந்தது. ஆள் உயரத்தில். நெற்றிக்குமேல் தூக்கிவைத்தபடி. அதன் கீழே நெற்றி இல்லை. முகம் இல்லை. வெறும் சுவர். பக்கத்தில், அந்தரத்தில், புது ராடு ஒன்று.

"என்னங்க, பேசுங்க! உள்ளே நீங்க மட்டும்தானே இருக்கீங்க?"



ஆமாம் என்பதுபோல் முகமூடி தலையாட்டியது. மெதுவாக இறங்கி, மூடிக்கொண்டது.